இங்கிலீஷ் 1ஏ

திருச்சியில் படித்த பி.எஸ்ஸி. வேதியியலை இங்கே அமெரிக்கக் கல்லூரியில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். நர்சிங்கில் சேர அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். எதிர்பாராதது இங்கிலீஷ் 1ஏ, அதாவது கட்டுரை எழுதப் பழக்கும் இங்கிலீஷ் காம்போசிஷன் வகுப்பு. இந்தியாவில் படித்த இங்கிலீஷ் இதற்குக் கணக்கில் வராது, இங்கேயே படித்தாக வேண்டும் என்று கவுன்சிலர் சொல்லிவிட்டார். கல்லூரியை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் நான் எழுதியதெல்லாம் வாட்ஸ்அப் செய்தியும் பள்ளிக்கூடத்துக்கு லீவ் மெயிலும்தான். ஊரிலிருந்து மாமியார் போனில், "இன்னுமா படிப்பு?" என்றார். கேலியா அக்கறையா என்று அவர் குரலை வைத்து என்றைக்குமே கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் இருப்பது ஃப்ரீமாண்ட். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இதே கட்டணம்தான். 4 யூனிட் வகுப்புக்கு 184 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பல மடங்கு கட்ட நேரிடும். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்தாராக, இருப்பவர்களும் இப்படிச் சான்று காட்டலாம். பலருக்கு இது தெரியாததால் வருடக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்து, என்னைப் போன்றவர்களைக் கீழ்நிலை வகுப்புகளில் உட்கார வைப்பார்களாம். 2017-ல் ஏபி 705 என்ற சட்டம் வந்தபின் நேரடியாக 1ஏ-வில் சேரலாம். நல்ல சட்டம். அது இல்லையென்றால் இன்னும் காற்புள்ளி எங்கே வைப்பது என்று படித்துக்கொண்டிருப்பேன்.

2023 ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கியது. மாலை வகுப்பு. ப்ரொஃபசரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார். எனக்கு வாய் வரவில்லை, கடைசி வரை ப்ரொஃபசர்தான். அவரும் வேறு இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்துவிட்டு, காரிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறவர். எம்.எல்.ஏ. ஃபார்மட் என்ற கட்டுரை அமைப்பு, இரட்டை வரி இடைவெளி, 12 பாயிண்ட் எழுத்து, கடைசியில் மேற்கோள் நூல்களைப் பட்டியலிடும் ஒர்க்ஸ் சைட்டட் பக்கம் — இதையெல்லாம் ஒன்பதாவது படிக்கிற என் மகளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். "அம்மா, இதுல தீசிஸ் எங்க?" என்று அவள் கேட்ட தொனியில் எங்கள் ஹைஸ்கூல் டீச்சர் தெரிந்தார்.

அந்தத் தீசிஸில்தான், கட்டுரை நிறுவ வேண்டிய நம் சொந்தக் கூற்றில்தான், சிக்கல். நம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். இங்கே அதற்குப் பெயர் பிளேஜரிசம். கல்லூரியை விட்டே அனுப்பலாம். மனப்பாடக் கல்வியைத் திட்டுவது இப்போது எளிது, நான் அதில் சேர மாட்டேன். சாட்ஜிபிடி வந்த பயத்தில் ப்ரொஃபசர் சில கட்டுரைகளை வகுப்பிலேயே கையால் எழுத வைத்தார். என் பக்கத்திலிருந்த பையன்கள் அரைப் பக்கத்தில் விரலை உதறினார்கள். மூன்று மணி நேரத் தேர்வில் அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டிய கை என்னுடையது. ப்ளூ புக் என்ற விடைத்தாள் நோட்டு போதாமல் இன்னொன்று கேட்டேன்.

ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்தது எஸ்பி 403. எங்கள் ஃப்ரீமாண்டையும் ஹேவர்டையும் சேர்த்த தொகுதியின் மாநில செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா: பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களில் வம்சாவளி என்று வரும் இடத்தில் சாதியும் அடங்கும் என்று வெளிப்படையாகச் சொல்வது. அந்த பிப்ரவரியில்தான் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு எடுத்தால் இரண்டு நாளைக்கு யாரும் குட் மார்னிங் போட மாட்டார்கள்.

முதல் டிராஃப்டில் ஆதரிப்பவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், இரண்டிலும் நியாயம் உண்டு என்று பட்டிமன்ற நடுவர் போல எழுதிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை அதிகமில்லை. ப்ரொஃபசர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: நீங்கள் எந்தப் பக்கம்?

அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஃப்ரீமாண்டில் இருந்துகொண்டு, பிறந்தநாள் விருந்துகளில், "ஊர்ல எந்தப் பக்கம்? வெஜிடேரியனா?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு நடுவில் வாழ்கிற ஒருத்தி, பெயர் போட்டு ஒரு பக்கத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

கல்லூரி நூலகர் உதவியோடு தேடும்போதுதான் அம்பேத்கரின் 'காஸ்ட்ஸ் இன் இந்தியா' கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழக இணையதளத்திலேயே முழுதாக இருக்கிறது. 1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் செமினாரில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை. அப்போது வயது 25. சட்ட அமைச்சர் அம்பேத்கர் இல்லை, நியூயார்க்கில் ஒரு வகுப்புக்காகப் பேப்பர் எழுதிய இந்திய மாணவர். சேனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் என்று சாதியைப் பற்றி எழுதிய பெரிய பெயர்களின் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார், எது எங்கே போதவில்லை என்று சொல்கிறார், பிறகு தன் கூற்றை வைக்கிறார்: சாதியின் உயிர் அகமணத்தில், சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதில், இருக்கிறது. ப்ரொஃபசர் வாரக்கணக்கில் போர்டில் வரைந்துகாட்டிய அமைப்பு அத்தனையும் அந்தச் சில பக்கங்களில் இருந்தது. எரிச்சல் போய்விட்டது. சாக்கும் போய்விட்டது.

மசோதா தேவை என்று எழுதினேன். என் வாதம் எளிது: பெயர் சொல்லாத ஒன்றை ஒரு அமெரிக்க ஹெச்.ஆர். அதிகாரி அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். அதை முடிக்கும் நேரத்தில், அக்டோபர் 7 அன்று, கவர்னர் நியூசம் மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே இதைத் தடுக்கின்றன, இது தேவையில்லை என்பது அவர் காரணம். பாதிக் கட்டுரையை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் எதிர்வாதம் தேடி நான் அலைய வேண்டியதில்லை, கவர்னரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் பியர் ரிவ்யூவில் என் குழுவில் ஒரு ஆப்கானியப் பெண்மணி, இரவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிற ஒரு பையன், ஃப்ரீமாண்டிலேயே பிறந்த ஒரு இந்தியப் பெண். பையனுக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. அவனுக்காக ஒரு பத்தி சேர்த்தேன், கட்டுரையிலேயே கடினமான பத்தி அதுதான். ஆப்கானிய அக்கா வஹாபுக்கு ஓட்டுப் போட்டவர்; ஆனாலும் என் இரண்டாம் பக்கத்தில் ஆதாரம் போதவில்லை என்று தாட்சண்யமில்லாமல் எழுதினார். அந்த இந்தியப் பெண், "எங்க வீட்ல இதெல்லாம் பேசினதே இல்ல, இந்தச் சட்டம் வந்தா எங்களை எல்லாரும் சந்தேகமா பார்ப்பாங்க" என்றாள். அதற்கு நான் கட்டுரையில் பதில் எழுதினேன். அவள் ஏற்கவில்லை. கடைசி வகுப்பு வரை ஏற்கவில்லை. ஆனால் தன் கட்டுரையை என்னிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தாள்.

கடைசியில் பி கிடைத்தது. ஏ வராததில் என் மகளுக்குத்தான் வருத்தம். இப்போது அனாடமி வகுப்புக்கு வெயிட்லிஸ்டில் இருக்கிறேன். அங்கே யாரும் என் கருத்தைக் கேட்கப்போவதில்லை. 206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதற்கு நான் என்றைக்கோ தயார்.