இருக்கிற கிளாஸை இல்லை என்ற சர்வர்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் தோல் ஸ்டாக் மென்பொருள் பராமரிப்புக்கு எங்கள் காட்பாடி அலுவலகத்துக்கு வந்தது. யாரோ ஜாவாவில் எழுதிவிட்டுப் போனது. ராத்திரி கரண்ட் போய்வந்தால், மறுநாள் சில சமயம் விலைப் பக்கம் எதுவும் திறக்காது. பிழைகள் பதிவாகும் லாக் முழுக்க 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்', அதாவது கிளாஸ் (நிரலின் ஒரு பகுதி) கிடைக்கவில்லை என்ற புகார்.

"ஜார் ஃபைல்ல கிளாஸ் இருக்குதேண்ணா, இல்லன்னு சொல்லுதே?" என்பான் கூட வேலை செய்த தம்பி. கிளாஸ்களை மூட்டையாகக் கட்டிவைத்திருக்கும் அந்த ஜாரை மறுபடி காப்பி செய்து சர்வரை ரீஸ்டார்ட் செய்வான், சரியாகிவிடும். காப்பி செய்ததால்தான் சரியானது என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

லாகில் மேலே போகச் சொன்னேன். ஒரே ஒரு இடத்தில் 'எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்', அதாவது கிளாஸைத் தயார் செய்யும்போதே வந்த பிழை; அதன் அடியில் ஃபைல் கிடைக்கவில்லை என்ற வரி. ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் இருக்கும் விலைப்பட்டியலை, கிளாஸைத் தயார் செய்யும் ஸ்டேட்டிக் பிளாக்கிலேயே படிக்க வைத்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் சர்வர் தானாக ஆன் ஆகிவிடும்; ஸ்டோர் கம்ப்யூட்டரை ஆள் வந்துதான் போடவேண்டும். அதற்குள் யாராவது விலைப் பக்கத்தைத் தொட்டால் போச்சு. ஸ்டேட்டிக் பிளாக், கிளாஸை முதன்முதலில் பயன்படுத்தும்போது ஒரு தடவைதான் ஓடும். அதில் பிழை வந்தால், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் அந்தக் கிளாஸையே கெட்டது என்று குறித்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்யும்வரை திரும்ப முயலாது. முதலில் வந்தவருக்கு உண்மைக் காரணம். பின்னால் வருபவர்களுக்கு மொட்டையாக 'இல்லை'.

இதில் ஒரு வேடிக்கை. அதே கிளாஸில் 9.290304 என்ற எண்ணும் இருந்தது, ஒரு சதுர அடித் தோலுக்கு எத்தனை சதுர டெசிமீட்டர் என்ற கணக்கு. அதைப் பயன்படுத்தும் பக்கம் மட்டும் ஜோராக ஓடியது. மாறாத மதிப்பாக, அதாவது ஸ்டேட்டிக் ஃபைனலாக, நேரடி எண் கொடுத்தால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதைக் கேட்கிற இடத்திலேயே பதித்துவிடும். கிளாஸை எழுப்ப வேண்டியதே இல்லை.

விலைப்பட்டியலை மட்டும் தனியாக வைத்திருக்கும் ஹோல்டர் கிளாஸ் போடலாமா என்றான் தம்பி. அதுவும் ஒருமுறை விழுந்தால் எழாது. படிக்கிற வேலையை, தேவைப்படும்போதெல்லாம் கூப்பிடக்கூடிய சாதாரண மெத்தடுக்கு மாற்றினோம். ஃபைல் இல்லாவிட்டால் அடுத்த தடவை மறுபடி தேடும். ஆனால் ஜேவிஎம் சும்மா கொடுத்துவந்த பூட்டை இப்போது நாமே போடவேண்டும், ஒரே நேரத்தில் ஓடும் ரெண்டு வேலைகள் (த்ரெட்) ஒன்றாக நுழையாமலிருக்க. அந்த வசதிக்காகத்தான் பலர் எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் பிளாக்கில் திணிக்கிறார்கள். நெட்வொர்க்கை நம்பியிருக்கிற வேலையை அங்கே வைப்பதை நான் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

ஜாவா 17 முதல், பின்னால் வரும் பிழையோடும் மூல காரணம் சேர்ந்தே லாகில் வருகிறது. அந்தக் கம்பெனி சர்வரில் ஓடுவது ஜாவா 8. மாற்றலாம் என்றால், "ஓடுறத எதுக்கு சார் நோண்டறீங்க?" என்கிறார் மேனேஜர்.