நீர்க்குறி போட்ட முப்பரிமாணப் படத்தைக் கண்ணாலும் அளந்து பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் முப்பரிமாணப் படம் செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு விடயம். களவு போகாமல் இருக்கப் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி, அதாவது படம் உங்களுடையது என்று காட்டுகிற மறைவான அடையாளம், போடுகிறீர்கள், நல்லது. ஆனால் குறி போட்ட படம் மூலப் படத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று சொல்லும் பிஎஸ்என்ஆர் என்ற அளவு 40 டெசிபெலைத் தாண்டிவிட்டது என்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அந்த எண், இரண்டு படங்களின் பிக்சல் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுப்பதில் இருந்து வருவது. வித்தியாசம் எந்த இடத்தில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. இரணைமடுக் குளத்தை மாதிரியாகச் செய்து பார்த்தேன். அணைக்கட்டுக் கருங்கல்லில் விழுந்த குறியைத் தேடியும் காணவில்லை. மேலே, நீலம் மெல்ல வெளுக்கிற வெறும் வானத்தில் அதே அளவு குறி வரிவரியாகத் தெரிந்தது. கமராப் படத்தில் பொடிப் புள்ளிகளாக இருக்கிற இரைச்சல் குறியை ஓரளவு மறைக்கும். கணினி வரைந்த சுத்தமான பரப்பில் மறைக்க ஒன்றுமில்லை.

2004 இல் வந்த எஸ்எஸ்ஐஎம் என்ற இன்னொரு அளவு, இரண்டு படங்களின் ஒளிர்வு, மாறுபாடு, அமைப்பு மூன்றையும் ஒப்பிடுவதால் பரவாயில்லை. என்றாலும் கடைசித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையதுதான். மூலப் படத்தைக் காட்டி, பிறகு குறி போட்டதைக் காட்டி, நாலு பேரிடம் புள்ளி கேளுங்கள். 5 என்றால் வித்தியாசமே தெரியவில்லை, 1 என்றால் பார்க்கவே எரிச்சல். பல கோணத்தில் பார்க்கிற படமென்றால் ஒவ்வொரு கோணத்துக்கும் தனியாகக் கேளுங்கள். முன்பக்கம் நல்லாயிருந்து பக்கவாட்டில் கெட்டுப்போவது உண்டு.

எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே தூரம். முக்கியமாக, எங்கட மத்தியான வெயில் திரையில் அடிக்காமல் யன்னல் சீலையை இழுத்துவிடுங்கள்.