அடுத்த ஸ்டேஷனுக்கான பை

ரயில்வே மெயில் சர்வீஸில் 1979-ஆம் ஆண்டு சார்ட்டராகச் சேர்ந்து, 2017-இல் திருச்சியில் ஓய்வு பெற்றேன். சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எங்கள் வேலை ஓடும் ரயிலிலேயே நடந்தது. இரவு வண்டியின் தபால் பெட்டியில், சுவரோடு சேர்த்து அடித்திருந்த சிறு அறைகளுக்கு முன்னால் நின்று, ஆடும் விளக்கொளியில் முகவரி படித்துக் கடிதங்களைப் பிரித்துப் போட்டு, ஊர் வந்ததும் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து இறக்குவோம். பின்கோடு 57-இல் தொடங்கினால் கர்நாடகம், 68 என்றால் கேரளம், 24 என்றால் இமயமலை வரை நீளும் வடக்கு என்று கை தானாகவே அறையைத் தேடிப் போகும். பத்ரிநாத் 246422 என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் பத்ரிநாத்தை நான் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களைக் கையால் தொட்டவன், போய்ப் பார்த்த ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலையில்தான் வேலையை விட்டு வந்தேன்.

மத்திய அரசு ஊழியருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வர எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. அதையும் நான் முழுதாகப் பயன்படுத்தவில்லை. ஒரு முறை மகளுக்குப் பொதுத்தேர்வு, இன்னொரு முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மற்றொரு முறை காரணம் எதுவும் இல்லாமலேயே காலம் கடந்துவிட்டது.

ஓய்வு பெற்ற வாரத்தில் ஒரு பழைய டைரியில் போக வேண்டிய இடங்களை எழுதினேன். என் ஆசைகள் இடப்பக்கம், மனைவியின் ஆசைகள் வலப்பக்கம். மொத்தம் இருபத்து மூன்று இடங்கள் சேர்ந்தன. என் பக்கத்தில் முதலாவது கைலாயம். அவள் பக்கத்தில் 108 திவ்விய தேசங்களில் அதுவரை சேவிக்காத வடநாட்டுத் தலங்கள். (அந்த 108-இல் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்தப் பூமியில் இல்லை. அவை இரண்டுக்கும் முன்பதிவு தேவைப்படாது என்பது எங்கள் வீட்டில் பழசாகிப்போன வேடிக்கை.) ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அடித்து முடித்திருந்தவை நான்கே நான்கு. கொரோனா இரண்டு ஆண்டுகளைத் தின்றது உண்மைதான், ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போடுவது நேர்மையாகாது. பெரிய பயணம் முதலில், சிறியவை பிறகு என்று நான் வரிசைப்படுத்தியதுதான் பிழை. கைலாயத்துக்குப் பணமும் உடம்பும் சேர வேண்டும் என்று காத்திருந்ததில், அதற்குப் பின்னால் நின்றவை எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன.

கைலாய யாத்திரையை அரசு 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நடத்தவில்லை. 2025-இல் மறுபடி தொடங்கியபோது எனக்கு வயது 68. அதற்கு வயது வரம்பு 70. கணக்குப்படி இன்னும் இடம் இருந்தது. ஆனால் மலையைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடுவில் 5,600 மீட்டருக்கும் உயரமான டோல்மா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். டில்லியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்ன பதில் சொல்லும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். விண்ணப்பப் படிவத்தை ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். சேர்க்க முடியாத கடிதங்களை எங்கள் துறையில் ஆர்.எல்.ஓ. என்னும் திரும்பிய கடிதங்களுக்கான அலுவலகத்துக்கு அனுப்புவோம். எழுதியவரும் உண்மை, எழுதப்பட்டவரும் உண்மை, முகவரி மட்டும் கைகூடாது. கைலாயத்தை அங்கே அனுப்பினேன். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அது பயணமாக இல்லாமல், மற்றப் பயணங்களைத் தள்ளிப்போடும் சாக்காகத்தான் இருந்திருக்கிறது என்று அன்றிரவு தோன்றியது.

அதன் பிறகுதான் ஓடும் வண்டியில் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. தபால் பெட்டியில் முக்கியமான கடிதம், முக்கியமில்லாத கடிதம் என்று யாரும் பார்ப்பதில்லை. தொலைவான ஊர், பக்கத்து ஊர் என்பதற்கும் தனி மரியாதை கிடையாது. அடுத்து வரும் ஸ்டேஷனுக்கான பை முதலில் கட்டப்பட வேண்டும், அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டால் அந்தப் பை நம்மோடேயே பயணம் செய்து ஊர் கடந்துபோய்விடும். டைரியில் இருந்த இடங்களை நானும் மனைவியும் அந்த முறைப்படி மறுபடி பிரித்தோம். எங்கள் இருவருக்கும் அடுத்து வரும் ஸ்டேஷன் முழங்கால்.

இப்படிப் பார்த்ததும் வரிசை தலைகீழானது. மைத்துனர் இரண்டு ஆண்டுகளாக வற்புறுத்தும் ஐரோப்பியப் பேக்கேஜ் கடைசிக்குப் போயிற்று. பேருந்தில் உட்கார்ந்தபடி ஏழு நாடுகளைப் பத்து நாளில் பார்ப்பதற்கு முழங்கால் அவ்வளவாக வேண்டியதில்லை. காப்பீடும் கடவுச்சீட்டும் பணமும் இருந்தால் 75 வயதிலும் போகலாம், போகாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைவதில்லை. சில இடங்களுக்குத் தாமதம் நன்மையும் செய்கிறது. சோளிங்கர் யோக நரசிம்மரைக் காண 1,305 படிகள் ஏற வேண்டியிருந்த காலத்தில் நாங்கள் போகவில்லை. 2024-இல் ரோப் கார் வந்த பிறகு போய், படியில் ஒரு கால்கூட வைக்காமல் சேவித்துவிட்டு வந்தோம். குஜராத்தின் கிர்நார் மலைக்கும் 2020 முதல் ரோப்வே இருக்கிறது. சக்கரமும் கம்பியும் ஏற்றிச் செல்லும் இடங்கள் காத்திருக்கும். கருங்கல்லில் வெட்டிய படிகளைத் தவிர வேறு வழியில்லாத இடங்களே முதல் பை.

அந்தப் பையில் மேலே இருந்தது கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெளகொளா. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மலைமேல் நிற்கும் பாகுபலி முனிவரின் சிலைக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தலையிலிருந்து நீராட்டும் மகாமஸ்தகாபிஷேகம் 2018 பிப்ரவரியில் நடந்தது. கூட்டத்தைச் சொல்லித் தவிர்த்தேன். அதே ஆண்டுதான் மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. ஆகஸ்டில் போவதென்று அறை பதிவு செய்திருந்தோம். கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்து மலைச்சாலைகள் அறுந்தன. அபிஷேகம், குறிஞ்சி இரண்டுமே 2006-இல் வந்தன, 2018-இல் வந்தன, இனி 2030-இல் வரும். அப்போது எனக்கு 73. மறு ஆண்டு 2019-இல் காஞ்சியில் அத்திவரதர் எழுந்தருளியபோது மனைவி தன் தங்கையுடன் போனாள். நான் போகாமல், "அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் குளத்திலிருந்து வெளியே வருகிறார். 2059-இல் எனக்கு 102 வயதாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லி அவள் மூன்று நாள் சிரித்தாள்.

ஆக, அபிஷேகத்துக்குக் காத்திராமல், கூட்டமில்லாத இந்த ஜனவரியில் வெறும் சிலையைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்ப வரவில்லை. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்த காலத்தில் ஊர்சுற்றாதவனுக்கு இப்போது குறைப்பட உரிமையில்லைதான். ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இருவர் வரை பதிவு செய்தால்தான் அது பொருந்தும் என்பதால், உறவினர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இருவராகவே போவது எங்களுக்கு வசதி. திருச்சியில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி, பெங்களூரில் மாறி, ஹாசன் போகும் வண்டியில் சிரவணபெளகொளா ஸ்டேஷனில் இறங்கினோம். இந்தப் பாதை 2017-இல்தான் முழுமையடைந்தது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஆட்டோ இருக்கிறது.

ஊரின் நடுவே கல்யாணி என்னும் குளம். கன்னடத்தில் வெண்குளம் என்று பொருள்படும் பெயர்தான் பெளகொளா ஆயிற்று. குளத்தின் ஒரு பக்கம் விந்தியகிரி, எதிரே சந்திரகிரி. விந்தியகிரியில் அறுநூற்றுச் சொச்சம் படிகள், எல்லாம் வழவழப்பான பாறையிலேயே வெட்டியவை. செருப்பைக் கீழேயே விட வேண்டும். வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் அடிவாரத்தில் காலுறை விற்கிறார்கள். முடியாதவர்களுக்கு டோலி உண்டு. மனைவி டோலிக்காரரிடம் விவரம் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஏறவில்லை. முடிகிற வரை நடப்போம், முடியாத இடத்தில் உட்கார்ந்துவிடுவோம், உட்கார்ந்த இடம்தான் கோயில் என்றாள். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஐம்பது படிக்கு ஒரு நிறுத்தம். எங்களை முந்திக்கொண்டு ஓடிய பள்ளிப் பிள்ளைகள் திரும்பி இறங்கி வரும்போதும் நாங்கள் பாதி வழியில்தான் இருந்தோம்.

மேல் மதிலுக்குள் போவதற்கு முன்னால் ஒதெகல் பசதி என்றொரு சமணக் கோயில் வருகிறது. சரிந்துவிடாமல் இருக்கச் சுவருக்கு வெளியே சாய்வாகக் கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முட்டுக்கற்களால்தான் அதற்கு அந்தப் பெயரே. முழங்கால் உறை மாட்டிய இருவர் அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். முட்டுக்கொடுத்தும் எத்தனையோ நூற்றாண்டு நிற்கலாம் போலிருக்கிறது என்றாள் அவள்.

சிலையைப் பற்றிப் படங்களில் பார்த்ததை வைத்து நான் செய்திருந்த கற்பனை எதுவும் உதவவில்லை. கடைசி வாசலைத் தாண்டும் வரை அது முழுதாகத் தெரிவதில்லை. தாண்டியதும் 57 அடி உயரம் ஒரே நேரத்தில் முன்னால் நிற்கிறது. கங்க மன்னனின் அமைச்சர் சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்தது. ஓராண்டு அசையாமல் நின்று தவம் செய்தவரின் தொடையிலும் தோளிலும் கொடி படர்ந்திருக்கிறது. காலடியில் புற்று, புற்றிலிருந்து எட்டிப்பார்க்கும் பாம்புகள். கண்ணை நிமிர்த்தினால் உதட்டில் மெல்லிய சிரிப்பு. ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது சிலையின் பாதத்தருகே உள்ள கல்வெட்டுதான். கன்னடத்திலும் மராத்தியிலும் பொறித்த அதே செய்தி தமிழிலும் இருக்கிறது: ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான். எழுத்து கிரந்தமும் வட்டெழுத்தும் என்பதால் என்னால் படிக்க முடியவில்லை. காவலர் சுட்டிக்காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தெளிவில்லாத கையெழுத்துகளைப் படித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு, சொந்த மொழியிலேயே ஒரு முகவரி பிடிபடவில்லை.

இறங்குவதுதான் கடினம் என்று என் மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் சில்லு உடம்பின் எடையைத் தாங்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினோம். ஏறியதைவிட அதிக நேரம் ஆயிற்று. அன்று மாலை இருவரும் விடுதியில் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தோம்.

மறுநாள் சந்திரகிரி. இது உயரம் குறைவு. பத்திரபாகு முனிவரும் சந்திரகுப்த மௌரியரும் இங்கே வந்து உயிர் நீத்தார்கள் என்பது மரபு. சல்லேகனை என்னும் நோன்பிருந்து, உணவைப் படிப்படியாகக் குறைத்து முடிவை எதிர்கொண்ட துறவிகளைப் பற்றிய கல்வெட்டுகள் பாறையெங்கும் இருக்கின்றன. நம் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு உண்டு; அதுவும் அன்று மாலையே என் டைரியில் ஏறியது, விழுப்புரம் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாறையில் நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். போக வேண்டிய இடங்களை எல்லாம் விட்டு, ஒரே இடத்தில் அமர்ந்துவிட்ட மனிதர்களின் பெயர்களுக்கு நடுவே பட்டியலை விரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மனைவிக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவள்தான் டைரியை வாங்கிப் பிரித்தாள்.

"ஏங்க, 2030-க்கு இங்கே அபிஷேகத்துக்கு வருவோமா?" என்று கேட்டாள். வரலாமே, எழுதிவை என்றேன். குறிஞ்சியையும் அதே வரியில் எழுதினாள். 2028 மாசியில் கும்பகோணம் மகாமகம் வருகிறது; திருச்சியிலிருந்து இரண்டரை மணி நேரம், அதை எழுதக்கூடத் தேவையில்லை என்று விட்டுவிட்டாள். பிறகு வலப்பக்கத்தில் பழைய மையில் இருந்த ஒரு வரியைச் சுற்றிக் கோடு போட்டாள்.

பத்ரிநாத்துக்குப் படிகள் அதிகமில்லை, வண்டி கோயிலுக்கு அருகே வரை போகும். அப்படியானால் அது சக்கரப் பயணம், காத்திருக்கலாமே என்று நான் வாதாடினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் முழங்காலுக்கு முன்னால் நெஞ்சு பதில் சொல்ல வேண்டும், உங்கள் வரிசையில் நெஞ்சுக்கு ஸ்டேஷன் எங்கே என்று கேட்டாள். சார்ட்டரிடமே பிரிப்பில் தவறு கண்டுபிடித்துவிட்டாள். மேலும், ரிஷிகேஷிலிருந்து போகும் அந்த ஒரே சாலையில் தேவப்பிரயாகை திருக்கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட் திருப்பிரிதி, கடைசியில் பதரி என்று மூன்று திவ்விய தேசங்கள் வருகின்றன. ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கினால் உயரத்துக்கும் உடம்பு பழகும். மழை ஓய்ந்து, மண்சரிவு குறைந்து, நடை சாத்துவதற்கு முன்னால் உள்ள செப்டம்பர் இறுதிதான் சரியான காலம் என்று நாள் வரை வைத்திருந்தாள்.

டில்லிக்குத் திருச்சி வழியாகவே திருக்குறள் எக்ஸ்பிரஸ் போகிறது. முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் ஜூலை மாதத் தாளைத் தூக்கி, காலை எட்டு மணி என்று சிவப்பு மையில் எழுதி, கீழ்ப்படுக்கை இரண்டு என்று அதன் கீழே குறித்து வைத்திருக்கிறேன்.