மைலோ டப்பாவில் ஒரு சுவர்

கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து பட்டர்வொர்த்தில் இறங்கியபின், பினாங்குத் தீவுக்குப் பாலம் வழியாகப் போக டாக்சி தேடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. பெர்ரி இருக்கிறதே! காரையும் மனிதரையும் சேர்த்துச் சுமந்த பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் சிறிய புதுப் படகுகள் ஓடுகின்றன. உப்புக்காற்றுக்குப் பதில் குளிர்சாதனக் காற்று. ஆனாலும் ஜார்ஜ்டவுன் கரை மெல்ல மெல்லப் பெரிதாகி வரும் அந்தக் காட்சிக்கு டிக்கெட் விலை மிகவும் குறைவு.

இந்த முறை ஊர் சுற்றப் போகவில்லை. பெரியப்பா வீட்டை என்ன செய்வது என்று பேச சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணன் அழைத்திருந்தார்.

குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது அந்தக் கடைவீடு. முன்னால் ‘ஐந்தடி’ என்று சொல்லும் கூரையிட்ட நடைபாதை, உள்ளே நீண்டு குறுகிய கூடம், நடுவில் மழையும் வெயிலும் நேராக இறங்கும் முற்றம். பெரியப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். மாடியின் முன்னறை அவருக்கு. கீழே முற்றத்தை ஒட்டிய இடம் பெரியம்மாவுக்கு. அவர் தேர்களில் தொங்கும் தொம்பை தைக்கிறவர். சிவப்புத் துணியில் வெள்ளையும் மஞ்சளுமாக யாளி, அன்னம், தாமரை ஆகியவற்றை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை. பெரியப்பா சுண்ணக்கட்டியால் கோடு போடுவார், பெரியம்மா கத்தரிப்பார். பலகைக்கு எந்தச் சிவப்பு என்பதைப் பெரியம்மாதான் முடிவு செய்வார். ஊரில் பெரியப்பாவின் பெயர்தான் தெரியும். அந்தச் சிவப்பு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது, பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிடி விலகி, பினாங்கின் பழைய தெருக்களில் குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். பெரியம்மாவின் நகைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த வீடாக மாறியிருந்தன. அதனால்தான் இன்று நாங்கள் உட்கார்ந்து சண்டை போட ஒரு கூடம் இருக்கிறது.

முதலில் மாடிக்குப் போனேன். பெரியப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகியும் டர்பன்டைன் வாசனை போகவில்லை. எனாமல் டப்பாக்கள், முடி உதிர்ந்த தட்டைத் தூரிகைகள், கை நடுங்காமலிருக்க மணிக்கட்டைத் தாங்கும் கோல், சுண்ணாம்பு தடவிச் சுண்டிவிடும் நூல். ஒரு மூலையில் சுருட்டிய தாள்கள். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் ஊசியால் வரிசையாகத் துளை போட்டிருந்தது. தாளைப் பலகையில் வைத்து, துணியில் கட்டிய கரித்தூள் முடிச்சால் தட்டினால் எழுத்தின் உருவம் புள்ளிகளாக இறங்கும். தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் நான்கும் அவர் எழுதினார். சீனம் வாசிக்கத் தெரியாது. கடைக்காரர் எழுதித் தருவதைப் பார்த்து அப்படியே எழுதுவார். ஒரு கோடும் பிசகியதில்லை என்பது குடும்பப் பெருமை. சரிபார்க்க எங்களில் யாருக்கும் சீனம் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரு தாளை விரித்தேன். ‘வெற்றிலை பாக்கு மொத்த வியாபாரம்.’ அதில் வரும் ‘லை’ இப்போதைய லை இல்லை. முன்னால் வளைந்து சுருண்ட பழைய லை. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது; பிறகு மலேசியாவிலும் புது வடிவம் வந்தது.

“யானையின் தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள் என்று உன் பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, கண்ணு,” என்றார் பெரியம்மா. “அப்புறம் எல்லாத் தாளையும் மறுபடி துளைக்க வேண்டியிருந்தது. துளைத்தது நான்தான்.”

சண்டை சுவரைப் பற்றியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கீழ்ச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தது. அண்ணன் நல்லெண்ணத்தோடு ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்தார். அவர் பழைய சுண்ணாம்புப் பூச்சை இடுப்பளவுக்குக் கொத்திவிட்டு, சிமெண்டு பூசி, பளபளவென்று எண்ணெய்ப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். ஆறு மாதம் வீடு புதிதாக இருந்தது. பிறகு ஓதம் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது.

ஏன் என்று எனக்குப் புரிந்தது மறுநாள் லீத் ஸ்திரீட்டில். சியோங் ஃபாட் சே மாளிகையை நீல மாளிகை என்றால் எல்லாருக்கும் தெரியும். 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். கடைசி மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதிவிட்டு 1916இல் இறந்த வணிகர் கட்டியது. அந்த மகன் 1989இல் இறந்தார். பாழடைந்து கிடந்த வீட்டை வாங்கி மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் மனைவி லின் லீயும். அந்த வேலைக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது.

சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நீலம் பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பில் கலந்த அவுரி. அதுவும் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அவுரி. நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டால் அடைத்தால் ஈரம் வழி தேடி இன்னும் மேலே போகும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கும். ஊரில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த தாத்தாக்களுக்கு இது பாலபாடம். நாம்தான் மூட்டை சிமெண்டைக் கண்டதும் மறந்துவிட்டோம்.

அண்ணனிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “சிமெண்டை எடுத்துவிடலாம்,” என்றார் உடனே. “ஆனால் மாடியையும் அப்படியே சுத்தம் செய்து, தரையை இழைத்து, நாலு பலகையைச் சட்டம் போட்டு மாட்டுவோம். வருகிற பிள்ளைகள் பார்க்கட்டும்.”

இங்கேதான் நாங்கள் தட்டிலிருந்த நாசி கண்டார் (சோறும் கறிகளும்) ஆறும்வரை வாதாடினோம். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109 ஹெக்டேர். அதற்குள் வீட்டு முகப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேள்வி கேட்க ஆள் உண்டு. மாடியில் கிடக்கும் கரித்தூள் முடிச்சுக்கு யார் இருக்கிறார்கள்? தரையில் சொட்டிய எனாமலை இழைத்துவிட்டால் அது வேறு யாருடைய மாடியாகவும் இருக்கலாம். சட்டம் போட்ட நாலு பலகையில் பெரியம்மா எங்கே இருக்கிறார்? ஊசித்துளைகளில் அல்லவா இருக்கிறார்? அண்ணன் பதில் சொல்லாமல் மீன் தலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படமெடுத்து எண் போடுவது. இரண்டு நாளில் 412 எண்கள் வந்தன. தரையிலிருந்த பெயிண்ட் சொட்டுகளுக்கு எண் இல்லை. அவற்றைத் தொடுவதில்லை என்பதுதான் உடன்பாடு.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சிமெண்டைக் கொத்தி எடுத்தபின் சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொன்னார். ஒன்பது அங்குலச் சுவர். அதற்குப் பிறகு முதலில் பூசும் சுண்ணாம்பு உப்பை உறிஞ்சுவதற்காக மட்டுமே. அதை உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அண்ணன் விடுமுறையைக் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மாடிப்படி ஓரத்தில், தோள் உயரத்தில், முழம் அகலத்துக்குச் சுவர் முழுக்கப் பல நிறத் தீற்றல்கள். மீதிப் பெயிண்டைத் துடைக்கப் பெரியப்பா நாற்பது வருடம் தூரிகையை அங்கேதான் இழுத்தார். சிமெண்டு தள்ளிவிட்ட ஓதம் இப்போது சரியாக அந்த இடத்துக்கு வந்திருந்தது. தீற்றல்கள் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, கீழே விழுந்ததெல்லாம் எங்கே என்று கேட்டார்.

பெரியம்மா எழுந்து போய், சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மைலோ டப்பாவை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து, மடியில் விரித்த வெள்ளைத் துணியில் மெதுவாகக் கொட்டினார். விரல்நகம் அளவில் நூற்றுக்கணக்கான துண்டுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் நிறம் மேல் நிறமாகப் பத்துப் பதினைந்து அடுக்கு. பச்சை மேலாக இருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது மார்க்கெட் ஸ்திரீட் பாத்திரக்கடை,” என்றார். “அதற்குக் கீழே இருக்கிறது பார், அந்தச் சிவப்பு. அது நான் கலந்தது.”