ஆண்டி சுனையில் குளித்த மச்சினன்

உடம்பு விறைத்துப் போக பனி விழ வேண்டும் என்று யார் சொன்னது? போன பிப்ரவரியில் கோவைப் பக்கம் ஏழு மலை தாண்டிப் போகிற வெள்ளியங்கிரி ஏறினோம். அடிவாரத்துப் பூண்டியில் இரவு 10 மணிக்குத் தொடங்கி, மூங்கில் தடியை ஊன்றி, வேர்த்து விறுவிறுத்து ஆறாவது மலைக்கு வந்தபோது விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எல்லாரும் குளிக்கிறார்களே என்று மச்சினனும் ஆண்டி சுனையில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு ஏழாவது மலையில் கால் வைத்தான். காற்று சுழற்றி அடித்தது.

முதலில் பல் கிடுகிடுவென அடித்தது, நாங்கள் சிரித்தோம். அது இருக்கட்டும், நடுக்கம் நல்லதுதான், உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கப் பார்க்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வேட்டி முடிச்சைக்கூட அவனால் போட முடியவில்லை. பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, சம்பந்தமே இல்லாமல் எரிந்து விழுந்தான், கடைசியில் "நான் இங்கேயே உக்காந்துக்கறேன், நீங்க போங்க" என்றான். பக்தி அசதி என்று விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

37 டிகிரியில் இருக்க வேண்டிய உள்உடம்பு 35-க்குக் கீழே இறங்கினாலே ஹைப்போதெர்மியாதான். மூளை மந்தமாகிவிடும் என்பதால் அவனுக்கே அது தெரியாது, கூட இருப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுத் தெர்மாமீட்டரும் உதவாது, பழைய பாதரச வகை 94, 95 பாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டவே காட்டாது (35 டிகிரி என்பது 95 பாரன்ஹீட்). இன்னும் இறங்கி 32 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது நடுக்கம் நின்றுவிடும். "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் மோசமான கட்டம். சிலர் உடம்பு எரிகிறது என்று துணியைக்கூடக் கழற்றி எறிவார்களாம்.

எங்கள் பின்னால் வந்த ஒரு பெரியவர்தான் சத்தம் போட்டார்: "முதல்ல ஈரத்தை அவுருங்கப்பா!" தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும், பருத்தித் துணி நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது. ஒரு பாறை மறைவில் காற்றுப் படாமல் உட்கார வைத்து, உலர்ந்த சட்டை மாட்டி, தலையில் துண்டு சுற்றி, அடியில் பையும் ஒரு போர்வையும் போட்டு (தரை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்று எனக்குத் தோன்றியது), மேலே இன்னொன்றைப் போர்த்தி, நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கை கால்களைத் தேய்க்க ஒருவர் வந்தார், வேண்டாம் என்றோம். மோசமான நிலையில் இருப்பவரைத் தேய்ப்பதும் குலுக்குவதும் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம், சூடேற்ற வேண்டியது மார்பும் கழுத்தும்தான். ஊட்டியில் குளிருக்கு ஒரு கட்டிங் போடுகிற ஞானிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், சாராயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடு போல் ஏமாற்றும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

டம்ளரைத் தானாகப் பிடித்து விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் சுக்கு காபி கொடுத்தோம். அரை மயக்கத்தில் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆளை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும், அந்த மலையில் டவர் கிடைத்தால்.

விடிந்ததும் மெதுவாகக் கீழே இறங்கினோம். சாமி தரிசனம் இல்லை. பாதி நடந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றான். அவள் இந்த வலைப்பூவைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.