இடையன்குடியில் ஒரு காலைப் பொழுது

திசையன்விளையிலிருந்து இடையன்குடிக்குப் போகும் சாலையின் இருபுறமும் பனைகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் செம்மண் தேரி விரிந்து கிடக்கிறது. உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செல்கிற பலரும் இந்த ஊரைக் கடந்தே போகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே கடந்து போனவன்தான். இம்முறை தூய திரித்துவ ஆலயத்துக்கென்றே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியபோது பாதமெல்லாம் சிவந்திருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மண்ணுதானய்யா, உதறிட்டு வாங்க. நாங்க தூக்குறதும் காத்து கொண்டாந்து போடுறதும் தெனமும் நடக்குறதுதான்" என்றார்.

தெற்குத் திருநெல்வேலியின் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபை வரலாற்றில் இடையன்குடி முதல் ஊர் அன்று. உபதேசியார், அதாவது சபையில் மறைபோதனை செய்பவர், தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவாயிற்று. இடையன்குடியிலும் கால்டுவெல் ஐயர் வருவதற்கு முன்பே சிறு சபை ஒன்று இருந்தது. அயர்லாந்தில் 1814இல் பிறந்த இராபர்ட் கால்டுவெல், 1838இல் இலண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் இறங்கினார், பின்னர் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து, மக்களையும் மொழியையும் அறிந்துகொள்ளும் நோக்கத்துடன் நீலகிரி வழியாக நெடுந்தொலைவு நடந்தே தெற்கே வந்து, 1841இல் இவ்வூரை அடைந்தார். நேரான தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகளான எலைசாவை 1844இல் மணந்தார். சிறு வயது முதலே தமிழ் கேட்டு வளர்ந்த அந்த அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதையும், அவர்களுக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்ததையும் நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1847இல். பிரதிஷ்டை நடந்தது 1880இல். இடையே 33 ஆண்டுகள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததும், 1877இல் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றதும், தாது வருடப் பஞ்சம் இந்த மாவட்டத்தை வாட்டியதும் அந்த இடைவெளியில்தான். உலகறிந்த இலக்கண நூல் முடிந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகே, அதை எழுதியவரின் கிராமத்துக் கோயில் முடிந்தது. ஒரு சபை தன் ஆலயத்துக்காக இவ்வளவு காலம் காத்திருந்தது என்ற எண்ணத்தோடு உள்ளே நுழைந்தபோது, கூர்மாட வளைவுகளை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே முழங்கால்கள் தாமாக மடங்கின.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இவ்வளவு தொலைவு கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்தின் பீடத்தின் கீழே அடக்கம் செய்தார்கள். எலைசா அம்மையார் 1899இல் காலமானார். அவரையும் இவ்வூர் மண்ணே ஏற்றுக்கொண்டது. திருவிருந்து வழங்கப்படும் இடத்தின் அடியிலேயே ஒரு மேய்ப்பர் துயில்கிறார் என்பதை அறிந்து ஜெபிப்பது தனி அனுபவம். நான் வேண்டிக்கொள்ள வந்தவை எவையும் நினைவுக்கு வரவில்லை. நன்றி என்ற ஒரு சொல் மட்டுமே வந்தது.

கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. பெயர் பெற்றவரின் வீட்டுக்கு அரசு உண்டு. பெயர் தெரியாதவர்களின் கல்லறைகளுக்கு யார் உண்டு என்ற கேள்வியோடுதான் நான் வெளியே வந்தேன். பழைய கல்லறைக் கற்களை நண்பகலில் படிக்க முடியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது, தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போது 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரி மெல்ல எழுந்து வரும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கல்லையும் காரையையும் ஒருசேர அரிக்கிறது.

அதைவிடக் கூடுதலாக அரிப்பது நம்முடைய அவசரம் என்பேன். பழைய சுண்ணாம்புக் காரை சுவாசிக்கும். சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். கடுக்காய் நீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துச் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய மரபு நம்முடையது. பனங்காட்டு ஊர்களுக்குக் கருப்பட்டியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சுவரின்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். என் சொந்த ஊர்க் கோயிலில் இதுதான் நடந்தது. நல்லெண்ணத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்த காணிக்கையில் சிமெண்டும் பளபளக்கும் வண்ணமும் பூசினார்கள். மூன்றாம் மழைக்குள் சுவர் பொரிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று பெயர்த்த பழைய பலகைக் கற்களில் ஒன்றைக் குழாயடியில் துவைக்கும் கல்லாகக் கண்டேன். எழுத்துள்ள பக்கம் மேலே இருந்தது.

இடையன்குடியிலிருந்து திரும்பிய வாரமே ஊருக்குப் போனேன். அமிலம் ஊற்றக் கூடாது, கம்பித் தூரிகை கூடாது என்பது தெரியும். எனவே ஒரு வாளித் தண்ணீரும் தென்னந்தும்புத் தூரிகையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கள் பாட்டனாரின் கல்லின் முன் அமர்ந்தேன். பாசி கழன்றதும் 'உபதேசியார்' என்ற சொல் தெளிவாகத் தெரிந்தது; ஆண்டின் முதல் மூன்று இலக்கங்களும் கிடைத்தன. நான்காவதைப் படிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் மாலை, சற்று முன்னதாகவே மறுபடி போகவிருக்கிறேன்.