ஒரு மீட்டரில் தொலைந்த ஒன்றரை மில்லிமீட்டர்

மும்பை மாட்டுங்காவில் நான் பணிபுரியும் கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் நாற்பது ஆண்டுக் கால வரைபடங்கள் சுருள்களாகக் கிடந்தன. அவற்றை எண்ணிம வடிவத்துக்கு மாற்றுவதற்காகச் சென்ற ஜூலையில் ஏ0 அளவு ஸ்கேனர் ஒன்று வாங்கப்பட்டது. அதை நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஏ0 தாள் 841 க்கு 1189 மில்லிமீட்டர். 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) முழு வண்ணத்தில், சுருக்கமின்றிச் சேமித்தால் ஒரு கோப்பு ஏறத்தாழ 740 எம்பி ஆகிறது. வன்வட்டின் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்கவில்லை.

வெள்ளைத் தாள் எங்கும் ஒரே வெள்ளையாகத் தெரியும்படி ஸ்கேனரைச் சரிசெய்யும் வெண்மைத் திருத்தம் எளிதாக முடிந்தது. முதல் படங்களில் தாள் நகரும் திசையில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியே அதற்குக் காரணம். பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மறுபடியும் வெண்மைத் திருத்தம் செய்ததும் அது மறைந்தது. படத்தைப் பதிவுசெய்யும் அடுத்தடுத்த சென்சார்கள் சேரும் இடங்களில் கோடு முறிகிறதா என்று சாய்கோடுகள் வரைந்த தாளைச் செலுத்திப் பார்த்தேன்; அதுவும் சரியாகவே இருந்தது.

என்னை அலைக்கழித்தது நீளம். தாளின் குறுக்களவைச் சென்சார்களே நிர்ணயிக்கின்றன. நீளமோ தாளை இழுக்கும் உருளைகளைப் பொறுத்தது. எனவே ஒரு மீட்டர் நீள வரைகட்டத் தாளை (கிராஃப் தாள்) செலுத்தி, மென்பொருள் காட்டிய அளவை 1000 மில்லிமீட்டராகத் திருத்தினேன். பிறகு பாலியெஸ்டர் படலத்தில் வரைந்த பழைய வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்தபோது, எஃகு அளவுகோலில் சரியாக 1000 இருந்த கோடு திரையில் 998.5 ஆக நின்றது. 1:100 வரைபடத்தில் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கட்டடத்தில் பதினைந்து சென்டிமீட்டர்; ஒரு சுவரின் கனமே போய்விடும்!

உருளைகள் வழுக்குகின்றன என்று நினைத்து இரண்டு நாள் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் வரைகட்டத் தாளையே எஃகு அளவுகோலால் அளந்தேன்: 1001.5. அடைமழையின் ஈரத்தை உறிஞ்சி அது நீண்டிருந்தது. தவறு தாளில், பழி உருளைமேல். ஈரத்தால் அவ்வளவாக மாறாத பாலியெஸ்டர் அளவுப் படலத்தைக் கொண்டு மறுபடி திருத்தியபின் கோடு 1000 க்கு வந்தது.

இருந்தாலும், மெல்லிய டிரேசிங் தாளும் துணி ஒட்டிய தடித்த தாளும் உருளையில் ஒரே மாதிரி நகர்வதில்லை என்பதால், ஒவ்வொரு வகைக்கும் தனித் திருத்த எண்ணை மென்பொருளில் சேமித்து வைத்திருக்கிறேன்.